முகவரி இல்லாத முதலாளி

(திருவரங்கத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஒருநாள் கூட்டத்தில் பேசியது. ஒலிப்பதிவிலிருந்து எழுதி எடுக்கப்பட்டது. பேச்சுநடை பெருமளவு அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



தனியார் துறையில் இடஒதுக்கீடு பற்றிப் பேசச் சொன்னார்கள். இதுபற்றி நாம் பேசாத மேடை இல்லை, போடாத தீர்மானம் இல்லை. 2004ல் மத்தியில் வந்த கூட்டணி ஆட்சி தன்னுடைய பொதுத்திட்டத்தில் இதற்காகச் சில வரி எழுதியது. 2006ல் பெருமுதலாளிகளின் சங்கங்கள் ஜே.ஜே. இரானி தலைமையில் ஒரு குழு போட்டு, சட்டம் எதுவும் வேண்டியதில்லை, மனமுவந்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிற முடிவுக்கு வந்தன. மனமுவந்து என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அதனால் இந்தக் கோரிக்கை நியாயமா இல்லையா என்கிற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இந்த மனுவை யார் கையில் கொடுப்பது? முதலாளி யாரு, எங்க இருக்கான்?

சிரிக்காதீங்க. நான் பதினாறு வருஷம் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவன். அந்தப் பதினாறு வருஷத்தில் கம்பெனி மூணு தடவை கை மாறிச்சு. மூணு தடவையும் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, கேக் வெட்டினாங்க. வாங்கினது யாருன்னு மேனேஜரைக் கேட்டேன். "ஏதோ ஃபண்டாம்ப்பா"ன்னாரு. அவருக்கும் அவ்வளவுதான் தெரிஞ்சிருந்தது.

அந்த 'ஏதோ ஃபண்டு' பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. பிரைவேட் ஈக்விட்டி என்று அதற்குப் பேர். கம்பெனியை முழுசாகவோ பெரும்பங்காகவோ வாங்கி, சில வருஷம் வைத்திருந்து விற்கிற தனியார் நிதியம் என்று சொல்லலாம். இதன் கணக்கைக் கொள்ளிடக்கரை வாழைத்தோப்பை வைத்துச் சொல்றேன். ஒருத்தர் பத்து கோடிக்கு ஒரு தோப்பை வாங்கணும். கையில் காசு இல்லை. பத்துப் பேரிடம் வசூல் பண்ணி நாலு கோடி சேர்க்கிறார். மீதி ஆறு கோடி கடன். அந்தக் கடனை அவர் தன் பேரில் எழுதமாட்டார், தோப்பின் பேரில் எழுதுவார். தோப்புதான் தன் வருமானத்திலிருந்து அந்தக் கடனைக் கட்டணும். கட்டணும்னா செலவைக் குறைக்கணும். தோப்பில் செலவு என்பது யாரு? கூலி ஆள். அஞ்சு வருஷம் கழிச்சு, 'பாருங்க, இந்தத் தோப்புல லாபம் கூடியிருக்கு' என்று இருபது கோடிக்கு விற்பார். நடுவில் அந்தப் பத்துப் பேரிடம் வருஷா வருஷம் நூத்துக்கு ரெண்டு ரூபா நிர்வாகக் கூலி, கடைசியில் லாபத்தில் நூத்துக்கு இருபது. தோப்பு காஞ்சுபோனால் கடன் தோப்போட போச்சு, இவர் வீட்டுக்கு வராது.

இதுதான் அடிப்படை வித்தை. அமெரிக்காவில் கடன் பங்கு கூடுதலாக இருக்கும். இங்கே பங்கு வாங்க வங்கிகள் கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நெடுங்காலம் கட்டுப்படுத்தி வைத்திருந்ததால், கடனும் வெளியிலிருந்தே வரும். வாங்குவது, இறுக்குவது, விற்பது என்கிற சுழற்சி மட்டும் எங்கேயும் ஒன்றுதான்.

மென்பொருள் கம்பெனி மேல் இவர்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை? ஒரு வங்கியோ ஆஸ்பத்திரியோ தன் கணக்கை ஒரு மென்பொருளில் ஏற்றிவிட்டால் லேசில் மாறமுடியாது. வருஷா வருஷம் சந்தா கட்டியே ஆகணும். நிலையான வருமானம், அதைக் காட்டிக் கடன் வாங்கலாம். கிடங்கு கிடையாது, கொதிகலன் கிடையாது. செலவில் பெரும்பகுதி சம்பளம். சம்பளத்தில் கை வைத்தால் உடனே லாபக்கணக்கில் தெரியும்.

நம்ம ஊருக்கு வருவோம். திருவெறும்பூரில் பெல் கொதிகலன் தொழிற்சாலை 1960களில் வந்தது. துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே காலம். அதற்கு முன்னாலேயே பொன்மலை ரயில்வே பணிமனை. இந்த மூன்றும் சேர்ந்து திருச்சியைச் சுற்றியிருந்த சேரிகளில் எத்தனை வீட்டுக்குக் காரை போட்டது என்று எண்ணிப் பாருங்க. 1970ல் மத்திய அரசு வேலைகளில் நமக்கான பங்கு 12.5லிருந்து 15 சதவீதம் ஆனது. பழங்குடியினருக்கு 5லிருந்து 7.5. அதெல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை, பதவி உயர்வில் கழுத்தறுப்பு, ரோஸ்டர் பதிவேட்டில் தில்லுமுல்லு, 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று காலி இடத்தைத் தள்ளிப்போடுவது, எல்லாம் நடந்தது, நடக்கிறது. ஆனால் ஒண்ணு இருந்தது பாருங்க: கேட். அங்கே போய் உட்கார்ந்து மறியல் பண்ணலாம். பதிவேட்டைக் காட்டு என்று கேட்கலாம். ஆணையத்துக்கு எழுதினால் நிர்வாகம் பதில் சொல்லியாகணும். எதிரிக்கு ஒரு முகவரி இருந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் நவல்பட்டு. எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. சிறப்புப் பொருளாதார மண்டலம், அரசு நிறுவனத்தின் இடம். அங்கே கழிவறை கழுவுகிற அக்காவும், குப்பை அள்ளுகிற அண்ணனும், வெயிலில் நிற்கிற காவலாளியும் ஒப்பந்தக்காரரின் ஆள். அவர்களில் நம்ம சனம் எத்தனை என்று கேட்க எனக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை, காலை ஆறு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நின்றால் தெரியும். உள்ளே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை? அதை எண்ணுகிற கடமை சட்டப்படி யாருக்கும் கிடையாது.

இந்த ஊரில் நின்றுகொண்டு இதைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லணும். சித்திரை வீதி, உத்திர வீதிக்காரர்களின் ஒரு நூற்றாண்டு வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம், கோயில், பிறகு ஆங்கிலப் படிப்பு, அரசாங்க உத்தியோகம். 1921ல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி உத்தரவு போட்டு, 1920களின் கடைசியில் அது நடைமுறைக்கு வந்ததும் பம்பாய், டெல்லி, தனியார் கம்பெனி. அப்புறம் இங்கே துவாக்குடி பக்கம் மண்டலப் பொறியியல் கல்லூரி, சென்னையில் ஐ.ஐ.டி., அங்கிருந்து அமெரிக்கா. அமெரிக்காவிலிருந்து மென்பொருள். தமிழ்ப் பார்ப்பனர்கள் பற்றி 2014ல் ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் எழுதிய ஆய்வு நூலில் இந்தப் பயணத்தை விரிவாகப் படிக்கலாம். அவங்க போனதைக் குத்தமாச் சொல்ல வரல, போறதுக்கு அவங்ககிட்ட வண்டி இருந்தது. நான் கவனிக்கச் சொல்வது இதை: நாம் ஒரு கதவை உடைத்து உள்ளே நுழையும் நேரத்தில், அந்த அறையிலிருந்த அதிகாரம் அடுத்த அறைக்குப் போயிருக்கும். அரசாங்கத்திலிருந்து கம்பெனிக்குப் போனது. இப்போது கம்பெனியிலிருந்து கம்பெனியை வாங்கி விற்கிற ஃபண்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டு உதாரணம் சொல்றேன். சென்னையில் 1993ல் தொடங்கிய பொலாரிஸ் உங்கள் அண்ணன்கள் காலத்தில் பெரிய பேர். அதன் ஒரு பாதியை 2016 வாக்கில் வர்ச்சூசா என்கிற அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. 2021ல் அந்த வர்ச்சூசாவை பேரிங் என்கிற ஆசிய ஃபண்டு சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது. மறுவருஷம், 2022ல், அந்தப் பேரிங்கையே சுவீடனின் ஈ.க்யூ.டி. வாங்கிவிட்டது. வாங்கினவனையே வாங்கிட்டான்! சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கிற ஹெக்சாவேர் கதையும் இப்படித்தான். 2013ல் பேரிங் கைக்குப் போனது. 2020ல் பங்குச்சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2021ல் கார்லைல் என்கிற அமெரிக்க ஃபண்டு சுமார் 300 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 பிப்ரவரியில் மறுபடி பங்குச்சந்தைக்குக் கொண்டுவந்து 8,750 கோடி ரூபாய்க்குப் பங்கு விற்றார்கள். அதில் ஒரு ரூபாய்கூடக் கம்பெனிக்குள் புதுசாக வரவில்லை. முழுப்பணமும் விற்ற கார்லைலுக்கு. அதுவும் கார்லைல் பேரில் நேரடியாக இல்லை, சி.ஏ. மேக்னம் ஹோல்டிங்ஸ் என்று மொரீஷியசில் பதிந்த ஒரு கம்பெனி பேரில்.

சிறுசேரியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பையன் தன் முதலாளியைத் தேடிப்போனால் கம்பெனி, அதற்கு மேல் மொரீஷியஸ் கம்பெனி, அதற்கு மேல் ஃபண்டு, அந்த ஃபண்டை நடத்துகிற கூட்டாளிகள், அதற்குப் பணம் கொடுத்த ஓய்வூதிய நிதிகள் என்று போய்க்கொண்டே இருக்கணும். இந்த ஊர்க் கோயிலுக்கு ஏழு சுற்று மதில். மதிலுக்கு வெளியே நின்ற நம் பாட்டனுக்கு உள்ளே யார் இருக்கிறார் என்றாவது தெரிந்திருந்தது.

பங்குச்சந்தையை விட்டு எடுத்தார்கள் என்றேனே, அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். 2022-23 முதல் பெரிய 1,000 பட்டியலிட்ட கம்பெனிகள் செபியிடம் பொறுப்பறிக்கை ஒன்று கொடுக்கணும். அதில் பணியாளர்களில் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று கேள்வி இருக்கிறது. தலித்துகள் எத்தனை என்ற கேள்வி இல்லை. சந்தையை விட்டு வெளியே எடுத்த கம்பெனிக்கு அந்த அரைகுறைக் கேள்வியும் கிடையாது. இதே ஃபண்டுகள் அமெரிக்காவில் வைத்திருக்கிற கம்பெனிகள், 100 பேருக்கு மேல் ஆளிருந்தால், கறுப்பர் எத்தனை, வெள்ளையர் எத்தனை என்று அரசுக்கு வருஷா வருஷம் படிவம் நிரப்பிக் கொடுத்து வந்திருக்கின்றன. 1960களில் வந்த ஏற்பாடு அது. தென்னாப்பிரிக்காவில் 1998ன் சட்டப்படி 50 பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கிற தனியார் முதலாளி இனவாரிக் கணக்குக் கொடுக்கணும். அங்கே எண்ணத் தெரிந்தவனுக்கு இங்கே வந்ததும் எண் மறந்துபோகிறது.

இங்கே ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கார். 'நம்மாளு ஒருத்தர் ஃபண்டு முதலாளி ஆனா இது மாறாதா?' நல்ல கேள்வி. நம்ம பக்கம் இந்தக் கனவு கொஞ்ச காலமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தலித் முதலாளியம் என்று பேர் வைத்து. இதற்கு உலகத்தில் ஒரு நேரான உதாரணம் இருக்கிறது.

விஸ்டா ஈக்விட்டி பார்ட்னர்ஸ். 2000ல் தொடங்கினது. மென்பொருள் கம்பெனிகளை மட்டுமே வாங்குகிற ஃபண்டு. 10,000 கோடி டாலர் அளவுக்குச் சொத்தை நிர்வகிக்கிற நிலைக்கு வளர்ந்தது. 2020ல் ரிலையன்ஸ் ஜியோவில் 2.32 சதவீதப் பங்கை 11,367 கோடி ரூபாய்க்கு வாங்கியதும் இவர்கள்தான். இதை உருவாக்கியவர் ராபர்ட் ஸ்மித். கறுப்பர். 1963ல் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் நடத்திய பேரணிக்குக் கைக்குழந்தையாக அம்மா தூக்கிக்கொண்டு போன பிள்ளை. அமெரிக்கக் கறுப்பர்களில் பெரும் பணக்காரர் ஆனார். 2019ல் மோர்ஹவுஸ் என்கிற கறுப்பர் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில், அந்த ஆண்டு முடித்த சுமார் 400 மாணவர்களின் கல்விக்கடனை நானே அடைக்கிறேன் என்று அறிவித்து, 3 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தார். படிப்புக்கடன் என்றால் என்ன என்று இங்கே இருக்கிற பாதிப்பேருக்குத் தெரியும். அந்தக் கையைப் பழிக்க என் வாய் வராது. மறுவருஷம், 2020 அக்டோபரில், வெளிநாட்டு அமைப்புகள் வழியாக 20 கோடி டாலருக்கு மேல் வருமானத்தை மறைத்ததை ஒப்புக்கொண்டு, வழக்கைத் தவிர்க்க 13 கோடியே 90 லட்சம் டாலர் அரசுக்குக் கட்டினார். கறுப்பர் படிக்கிற அரசுப் பள்ளிக்கும் அந்த வரியில்தான் காசு வரணும். இதையும் சேர்த்துத்தான் பேசணும்.

நான் அதைவிட முக்கியமாக நினைப்பது வேறு. விஸ்டா வாங்கின கம்பெனிகளில் வேலைக்கு வருகிறவர்களுக்கும், பல இடங்களில் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கும், ஒரு புத்திக்கூர்மைப் பரீட்சை வைப்பார்கள் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. இது பெயர், நிறம், கல்லூரி எதையும் பார்க்காமல் மறைந்திருக்கும் திறமையைக் கண்டுபிடிக்கும் என்பது அவர்கள் தரப்பு வாதம். அந்த வாதத்தில் உண்மை துளிகூட இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஸ்மித்தே வெள்ளையர் கதவுகளைத் தட்டித் தட்டி உள்ளே போனவர். ஆனால் அமெரிக்கக் கறுப்பருக்குப் பரீட்சையின் வரலாறும் தெரியும். வட கரோலினாவில் டியூக் பவர் என்கிற மின்கம்பெனி. அங்கே கறுப்பர்களுக்கு எடுபிடி வேலைப் பிரிவு மட்டும்தான். இனப்பாகுபாட்டைத் தடுக்கிற சட்டம் 1965 ஜூலை 2ந்தேதி அமலுக்கு வந்தது. அதே நாளில், ஆமாம் தோழர்களே அதே நாளில், நல்ல பிரிவுகளில் சேர இரண்டு பரீட்சை தேறணும் என்று கம்பெனி விதி போட்டது. கொதிகலன் பக்கம் வேலை பார்க்க வார்த்தைப் புதிர் எதுக்கு? 1971ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், வேலைக்குத் தொடர்பில்லாத பரீட்சையால் கறுப்பர் ஒதுக்கப்படுகிறார்கள் என்றால், நோக்கம் என்னவாக இருந்தாலும் அது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது.

நம்மிடம் அப்படி ஒரு தீர்ப்பு இல்லை, தீர்ப்புச் சொல்ல ஆதாரமான சட்டமும் இல்லை. அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசு வேலைக்குத்தான். தனியார் முதலாளி ஆளெடுப்பதில் சாதி பார்த்தால் கேட்கிற பொதுச்சட்டம் எதுவும் இங்கே கிடையாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் தனியார் கம்பெனிகளுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்து 2007ல் எழுதினார்கள். ஒத்த தகுதி, பேர் மட்டும் வேற. நேர்முகத்துக்கு அழைப்பு வருகிற வாய்ப்பு மேல்சாதிப் பேருக்கு ஒன்று என்றால் தலித் பேருக்கு 0.67. அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வில், ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஆளெடுக்கிற மேலாளர்களிடம் பேசினார்கள். சாதியா, தகுதி ஒண்ணுதான் எங்களுக்கு என்று தொடங்கி, குடும்பப் பின்னணி கேட்போம் என்று முடித்தவர்கள் பலர். "அப்பா என்ன பண்றாரு?" இந்தக் கேள்விக்கு முன்னால் தொண்டை அடைச்சு நின்ன பிள்ளைங்க இந்தக் கூட்டத்துலயே இருக்கீங்க. கடல் தாண்டியும் இது தொடர்கிறது. 2020ல் கலிபோர்னியா அரசுத்துறையே சிஸ்கோ கம்பெனி மேல் சாதிப்பாகுபாட்டு வழக்குப் போட்டது. மேலாளர்கள் இருவர் மேலான பகுதியை 2023ல் கைவிட்டார்கள், கம்பெனி மேல் வழக்கைத் தொடர்ந்தார்கள்.

ஆகவே சீட்டு அனுப்பிய தோழருக்கு: நம்மாளு வரட்டும், வேணாம்னு யாரு சொன்னது. ஆனால் ஃபண்டுக்கு என்று ஒரு விதி இருக்கு. வாங்கியதை அஞ்சாறு வருஷத்தில் கூடுதல் விலைக்கு விற்றாகணும். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கை சம்பளப் பட்டியலுக்குத்தான் போகும். 2022ல் விஸ்டாவும் இன்னொரு ஃபண்டும் சேர்ந்து சிட்ரிக்ஸ் கம்பெனியை, கடனையும் சேர்த்து 1,650 கோடி டாலருக்கு வாங்கினார்கள். சில மாதத்தில், 2023 ஜனவரியில், ஆளில் சுமார் 15 சதவீதம் பேரை அனுப்பினார்கள். அம்பேத்கர் 1938ல் மன்மாட்டில் ரயில்வே தொழிலாளர்கள் முன்னால் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு பகையைச் சேர்த்துச் சொன்னார். பொன்மலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு தனியாக விளங்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால் நமக்குக் கணக்கு உதைக்கும்.

திருச்சிக்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் பக்கச்சார்பு என்பீர்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் இந்த ஊரில் பிறந்தவர். அங்கே பணம் போட்டது வேறு வகை ஃபண்டு, முளைக்கும்போதே தண்ணி ஊத்துகிற வென்சர் ஃபண்டு. 2021 செப்டம்பரில் நியூயார்க்கில் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிட்டபோது 500க்கு மேற்பட்ட பணியாளர்கள் கோடீசுவரர் ஆனார்கள் என்று செய்தி. ஊழியருக்குப் பங்கு கொடுத்தது நல்ல காரியம், மறுக்கமாட்டேன். 2024 நவம்பரில் அதே கம்பெனி, வேறொருவர் தலைமையில், சுமார் 660 பேரை நீக்கியது. அதே அறிவிப்போடு தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்க 40 கோடி டாலர் ஒதுக்கியது. ரெண்டு செய்தியும் ஒரே நாள்.

இப்ப நம்ம அரசாங்கப் பணத்துக்கு வர்றேன். எனக்கு மனசு ரொம்ப எரிகிற இடம் இது. 2016ல் மத்திய அரசு இரண்டு திட்டம் கொண்டுவந்தது. ஒன்று, புதுத்தொழில்களுக்கான நிதியங்களின் நிதியம். 10,000 கோடி ரூபாய். சிட்பி வழியாகத் தனியார் ஃபண்டுகளுக்குப் போய், அவை கம்பெனிகளில் பங்காகப் போடும். கம்பெனி தோற்றால் யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்கமாட்டார்கள். இன்னொன்று ஸ்டாண்ட் அப் இந்தியா. நமக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும். ஒவ்வொரு வங்கிக் கிளையும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கொடுக்கணும் என்று இருந்தது. எதுவாக? கடனாக. கிளை மேலாளர் கொடுத்தால் உண்டு, தோற்றால் வட்டியோடு கட்டணும். அவங்களுக்கு மூலதனம், நமக்குக் கடன்! நமக்கென்று ஒரு வென்சர் நிதியம் உண்டு, 2014 பட்ஜெட்டில் அறிவித்தது. எவ்வளவு? அறிவித்தபோது 200 கோடி, இந்த நாடு முழுசுக்கும். ஹெக்சாவேரில் கார்லைல் ஒரே விற்பனையில் எடுத்துக்கொண்டு போனது 8,750 கோடி என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன். தமிழ்நாடு அரசு 2022-23ல் தலித், பழங்குடித் தொழில்முனைவோருக்கு 30 கோடி ஒதுக்கி, அதைப் பங்கு முதலீடாகவே கொடுக்கத் தொடங்கியது. தொகை சின்னது, வழி சரி.

அந்தப் பத்தாயிரம் கோடியில்தான் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. அது பொதுப்பணம். எந்தெந்த ஃபண்டுக்குப் போனது, அந்த ஃபண்டுகள் பணம் போட்ட கம்பெனிகளில் தலித் நிறுவனர் எத்தனை பேர், அந்தக் கம்பெனிகள் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தன, அதில் நாம் எத்தனை. பொதுப்பணம் வாங்குகிற ஃபண்டு தன் கம்பெனிகளின் சாதிவாரிக் கணக்கைக் கொடுக்கணும் என்று முதலில் கேட்கணும். ஒதுக்கீடு அடுத்த படி. எண்ணாமல் எதைப் பிரிப்பது? நவல்பட்டு மாதிரி அரசு இடம் கொடுக்கிற பூங்காக்களிலும் இதே நிபந்தனையைக் குத்தகைப் பத்திரத்தில் எழுதச் சொல்லணும். எழுதுகிற பேனா மாநில அரசின் கையில் இருக்கு, டெல்லியைக் காரணம் காட்ட முடியாது.

சிட்பி தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருகிற நிறுவனம். நான் சொன்ன கேள்விகளைப் பிரித்து ஏழு மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கேன். ஒரு மனுவுக்குப் பத்து ரூபா கட்டணம். 'எங்களிடம் அந்த விவரம் இல்லை' என்று பதில் வரும் என்று எனக்குத் தோணுது. வரட்டும், அப்படி எழுத்தில் வந்தால் அதுவே ஆணையத்துக்கும் சட்டமன்றத்துக்கும் கொண்டுபோகத் தக்க காகிதம். ஒரே ஆள் ஏழையும் போட வேண்டாம். பொறியியல் படிக்கிறவங்க நாலு பேர், சட்டம் படிக்கிறவங்க மூணு பேர், சாப்பாட்டுக்கு முன்னால் என்கிட்ட வந்து ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கோங்க.